சைக்கிள் ஓடுகிறான், வசனம் வரவில்லை

மகனுக்கு நான்கரை வயது நடந்தபோது முன்பள்ளி ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். மற்றப் பிள்ளைகள் தலை, கை, கால் வைத்து ஆள் கீறியிருந்தார்கள். இவனுடைய தாளில் ஒரு சுழி மட்டும். பென்சிலை அழுத்தியதில் தாளும் கிழிந்திருந்தது. "கதைப்பதும் எங்களுக்கு விளங்குவது குறைவு அக்கா. ஒருக்கால் கிளினிக்கில் காட்டுங்கள்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் இவன் வயதில் வேறு யாருக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. பொழுதுபடப் பட்டிக்கு வரும் மாடுகளில் எது குறைகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவனும் இவன்தான். போதாக்குறைக்கு அம்மா, "உன் மாமாவும் பிந்தித்தான் கதைத்தவன். இப்போது வாயை மூடுகிறானா?" என்றார். சைக்கிளையும் மாட்டையும் பேச்சையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டு, பிள்ளை கெட்டிக்காரன் என்று முடிவுகட்டி மூன்று மாதத்தைக் கடத்திவிட்டேன். பிழை என்னுடையதுதான்.

பிறகுதான் குடும்பநல உத்தியோகத்தரிடம் போனேன். கிளினிக் கொப்பியில் நான் இவ்வளவு காலமும் பார்த்தது நிறைக் கோட்டை மட்டும்தான். அது பச்சையில் நின்றால் நிம்மதி. அவர் வேறு பக்கத்தைப் புரட்டி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒற்றைக் காலில் நிற்பானா? சட்டைப் பொத்தான் பூட்டுவானா? வெளியாருக்கு இவன் பேச்சு விளங்குமா? ஓட்டமும் பாய்ச்சலும் வயதை மிஞ்சி நின்றன. விரல் வேலையும் பேச்சும் பின்னுக்கு. ழகரமும் றகரமும் இந்த வயதில் சறுக்கினால் பாதகமில்லையாம். இவனோ இரண்டு சொல்லுக்கு மேல் சேர்க்கவில்லை. கடைசியாக, "தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் இருப்பானா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. மாரி முழுவதும் தடிமனோடு திரிந்தவன், கூப்பிட்டால் திரும்பாததைக் குழப்படி என்று ஏசியிருக்கிறேன்.

காதைக் காட்டத் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, பரந்தன் வழியே பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. பெரும்பாலும் தானாக வற்றிவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் வைத்தியர். வற்றிவிட்டது. ஆனால் காது திறந்ததும் பேச்சு கொட்டிவிடவில்லை.

பேச்சுச் சிகிச்சையாளர் சொன்னது சின்ன வேலை, செய்யப் பொறுமை வேண்டும். அவன் "மாடு" என்றால், திருப்பிச் சொல் என்று வற்புறுத்தாமல், "ஓம், சிவப்பு மாடு வருகிறது" என்று நான் ஒரு சொல் கூட்டிச் சொல்லவேண்டும். விரல்களுக்கு ரொட்டி மா உருட்டுவதும், கொடியில் உடுப்புக்குக் கிளிப் போடுவதும். முதல் வாரம் உடுப்பெல்லாம் மண்ணில்.

ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் தரம் 1இல் சேர்க்கலாம். அந்தக் கணக்கில் இவனுக்கு வயது வந்துவிட்டது. ஒரு வருடம் பிந்தினால் என்ன என்று நானும் இவரும் பல இரவு வாதிட்டோம். விண்ணப்பித்துவிட்டோம், முன்வரிசையில் இருத்தும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லவேண்டும்.

போன கிழமை ஆள் கீறச் சொன்னேன். சைக்கிள் ஒன்றைக் கீறி, சில்லுக்குள் கம்பிகூட இழுத்து, மேலே ஓர் ஆளை வைத்தான். ஆளுக்குக் கை இல்லை. கை எங்கே என்று கேட்டேன்.

"அப்பா கையை விட்டிட்டு ஓடுகிறார்" என்றான்.