அம்மாவின் கால்சியம் டப்பா

கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறி, குமுளிப் பக்கம் ஏலக்காட்டில் காய் எடுத்தே தேய்ந்த உடம்பு அம்மாவுக்கு. அறுபது தாண்டியதும் முட்டிவலி. குமுளி மெடிக்கல் ஒன்றில் சீட்டில்லாமலே கால்சியம் டப்பா வாங்கிவந்து, காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்று மாதம். அடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் எகிறி நிற்கிறது. ஒருநாள்கூட மாத்திரை தவறவில்லை என்று அம்மா சத்தியம் பண்ண, "கூட வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் மஞ்சப்பையிலிருந்து டப்பா வெளியே வந்தது.

விஷயம் இதுதான்: கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், இவற்றையும் கால்சியத்தோடு சேர்த்துப் போடக்கூடாது.

அப்புறம் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று இருந்தது, அதில் நிஜக் கால்சியம் 500தான், அதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு வேளைக்கு அந்த 500க்கு மேல் போனால் உடம்பு சரியாக இழுத்துக்கொள்வதில்லை. "ரெண்டா போட்டா வலி சீக்கிரம் விடும்லடி?" என்றார் அம்மா. இது வலி மாத்திரையே இல்லைம்மா, ரெண்டு போட்டால் மலச்சிக்கல்தான் மிச்சம்.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் சுரக்க வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போடணும். ஒமிப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை தினமும் போடுகிறவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் தேவலை, அதற்குச் சாப்பாடு கட்டாயமில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். முழுவதையும் மாத்திரையிலா எடுக்க முடியும்? 100 கிராம் கேழ்வரகிலேயே சுமார் 350 வந்துவிடும், 200 மில்லி பாலில் 240 போல. எங்கள் வீட்டில் கேப்பைக்களி திரும்ப வந்துவிட்டது, மீதிக்கு ஒரே ஒரு மாத்திரை, அதுவும் டாக்டர் சொன்னதால். தைராய்டு மாத்திரை அட்டை கட்டில் தலைமாட்டில், கால்சியம் டப்பா அடுப்படியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில். மதியச் சோற்றுக்கு ஊறுகாய் எடுக்காமல் அம்மாவால் இருக்க முடியாது.