லீவ் அப்ளிகேஷன்ல ஆம்பளைங்க எழுதாத காரணம்

எச்.ஆர். வேலைல ரொம்ப நாள் இருந்தா, லீவ் அப்ளிகேஷன்ல எழுதுற காரணத்தை வச்சே ஆம்பளைங்களோட பாதி கதைய சொல்லிடலாம். வண்டி சர்வீஸ், பேங்க் வேலை, பெர்சனல், இல்லன்னா உடம்பு சரியில்ல. யாருக்கு உடம்பு சரியில்லங்கறத மட்டும் எழுத மாட்டாங்க, கேட்டா பாதி நேரம் குழந்தைக்கா இருக்கும், இல்ல படுத்த படுக்கையா இருக்கற அப்பாவுக்கா இருக்கும். "மேடம், மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னு வேற சொல்லுவாங்க, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி.

வண்டி ரிப்பேர்னா கௌரவமான காரணம், குழந்தைக்கு காய்ச்சல்னா "ஏன், வீட்ல அவங்க இல்லையா?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்கு பயந்துதான் இவ்ளோ பொய்யும். கேக்கறவரு கெட்டவர் இல்ல, சிரிச்சிட்டேதான் கேப்பாரு, ஆனா அந்த கேள்விய வாங்கினவன் அடுத்த தடவை வண்டி சர்வீஸ்னு எழுதிடுவான்.

பொண்ணுங்க நேரா "பையனுக்கு காய்ச்சல்"னு எழுதிட்டு கெளம்பிடுவாங்க, அவங்களுக்கு முதுகுக்கு பின்னாடி வேற பேச்சு. அமெரிக்காவுல 2007ல வந்த ஒரு ஆய்வுல ஒரே தகுதி இருக்கற விண்ணப்பங்கள்ல சிலதுல மட்டும் பிள்ளைங்க இருக்கற தகவல சேத்து குடுத்தாங்க, அம்மான்னு தெரிஞ்சா திறமை மார்க்கும் குறைஞ்சது, தரலாம்னு சொன்ன சம்பளமும் குறைஞ்சது, அப்பான்னு தெரிஞ்சவங்களுக்கு அப்படி எதுவும் குறையல. அப்பான்னா குடும்பத்துக்காக இன்னும் கஷ்டப்பட்டு உழைப்பான்னு எல்லாரும் நெனச்சிக்கறாங்க போல. அதாவது அப்பாவா இருக்கறது நல்லது, அதுக்காக ஆபீஸ விட்டு நகராத வரைக்கும்.

நான் வேலை பாத்த ஒரு இடத்துல குழந்தை பொறந்தா அப்பாக்களுக்கு குடுக்கற பெட்டர்னிட்டி லீவ் பேப்பர்ல நல்லாவே இருந்துச்சு, எடுக்கத்தான் ஆளில்ல. ட்ரெயினிங்ல சொல்லிப் பாத்தோம், போஸ்டர் ஒட்டிப் பாத்தோம், எல்லாரும் தலைய ஆட்டிட்டு போயிடுவாங்க. அப்புறம் புதுசா ஒரு சீனியர் மேனேஜர் வந்தாரு, சத்தமா பேசற, அதட்டற டைப், பாத்தா இவரா அப்படின்னு தோணும், அவரோட காலண்டர்ல எல்லாரும் பாக்கற மாதிரி "பாப்பாவுக்கு தடுப்பூசி"ன்னு போட்டு வச்சிருந்தாரு. மீட்டிங் நடுவுல "நான் கெளம்பணும், ஊசி டைம் ஆச்சு"ன்னு எந்திரிச்சு போனாரு. கொஞ்ச மாசத்துல அந்த டீம்ல மட்டும் லீவ் காரணமெல்லாம் மாற ஆரம்பிச்சிடுச்சு, பக்கத்து டீம்ல அப்பவும் வண்டிங்க சர்வீஸுக்கு போய்ட்டேதான் இருந்துச்சு.

இது எங்க ஆபீஸ் கதை மட்டும் இல்ல. நார்வேல 1993ல அப்பாக்களுக்குன்னே 4 வாரம் லீவ் ஒதுக்கினாங்க, எடுக்கலன்னா அது போச்சு. அதுக்கு முன்னாடி எடுத்தவங்க 3 சதவீதம் போல, சட்டம் வந்ததும் 35, 2006ல 70. எனக்கு சுவாரஸ்யமா பட்டது அதுக்கப்புறம் 2014ல வந்த ஆய்வுதான். கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் லீவ் எடுத்தா, அந்த எடத்துல அடுத்து அப்பா ஆகறவங்கள்ல 100க்கு 11 பேர் கூடுதலா எடுக்கறாங்களாம், எடுத்தவர் சீனியர் மேனேஜரா இருந்தா அந்த தாக்கம் கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. முதல்ல போனவனுக்கு ப்ரமோஷன் நின்னுச்சா, கிண்டல் வந்துச்சான்னு மத்தவங்க ஓரக்கண்ணால பாத்துட்டே இருக்காங்க, ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த ஆள் கேக்கறான்.

"எடுக்கலன்னா போயிடும்"ங்கறதுல ஒரு சௌகரியமும் இருக்கு. நான் ஆசைப்பட்டு கேக்கல சார், ரூல் அப்படின்னு சொல்லிக்கலாம். ஆம்பளை வீட்ல இருக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும், அந்த சாக்க சட்டமே குடுத்துடுச்சு. ஜப்பான்லயும் அப்பாக்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும்கூட லீவ் உண்டு, ஆனா 2007ல எடுத்தவங்க 2 சதவீதம்கூட இல்ல. 2022லேர்ந்து, குழந்தை வரப்போகுதுன்னு ஊழியர் சொன்னா கம்பெனியே தனியா கூப்பிட்டு லீவ பத்தி சொல்லி, எடுக்கறீங்களான்னு கேக்கணும்னு சட்டம். 2023ல 30 சதவீதம் ஆச்சு, அதுக்கு இது மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல.

அதுக்கப்புறம் நானும் கேக்கற விதத்த மாத்திட்டேன். அப்பா ஆகப்போறேன்னு யாராவது சொன்னா "லீவ் வேணுமா?"ன்னு கேக்கறதில்ல, "எந்த தேதிலேர்ந்து?"ன்னு மெயில் போடறேன், மேனேஜருக்கும் காப்பி போகும். நெறைய பேர் முழுசா எடுக்கறாங்க. சிலர் இன்னமும் "ரெண்டு நாள் போதும் மேடம்"ங்கறாங்க, அந்த ரெண்டு நாள்லயும் லாக்இன் பண்ணி மெயிலுக்கு பதில் போட்டுட்டு இருப்பாங்க. அப்பாவ பாத்துக்கறதுக்கு லீவ் கேக்கற பசங்களுக்கு என்ன பண்றதுன்னுதான் இன்னும் தெரியல, எங்க சாஃப்ட்வேர்ல அதுக்குன்னு ஒரு வகையே கெடையாது, சேக்க சொல்லி கேட்டிருக்கேன், பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.