சிராகூசா சதுக்கம்: பக்கத்துச் சந்து வழியாகப் போங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள சிராகூசா நகரின் பேராலயச் சதுக்கமான பியாத்சா துவோமோவில் காபியைவிட நாற்காலிக்குத்தான் காசு அதிகம். கடைக்குள் நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோ அளவில் முடிகிற எஸ்பிரெஸோ, வெளியே குடைக்கடியில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்காகிவிடும். இது ஏமாற்று வேலை இல்லை, இத்தாலி முழுக்க இதுதான் வழக்கம். விலைப்பட்டியலைக் கடைக்காரர் மாட்டி வைத்தாக வேண்டும். அதைப் படிக்காமல் உட்கார்ந்துவிட்டு பில் வந்ததும் சண்டை போடுவதில் பயனில்லை. ஆனாலும் சிசிலியில் ஒரே ஓர் இடத்தில் நாற்காலிக்குப் பணம் தரலாம் என்றால், அது இந்தச் சதுக்கம்தான். அதுவும் மாலை ஐந்துக்கு மேல். பேராலயத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் அது நிழலில் மங்கிக் கிடக்கும், படமெடுத்தால் சப்பென்று இருக்கும். வெயில் சாய்ந்த பிறகு பாருங்கள், அந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல் முழுக்க மஞ்சள் ஏறி நிற்கும்!

முகப்பு அழகுதான், மறுக்கவில்லை. 1693 பூகம்பத்தில் பழையது விழுந்த பிறகு ஆந்திரெயா பால்மா வடிவமைத்த பரோக் வேலை அது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பக்கவாட்டுச் சுவர். அதனால் வரும் வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

சதுக்கம் இருப்பது ஊரின் பழைய பகுதியான ஓர்த்திஜியா தீவில். ரயில் நிலையத்திலிருந்து கோர்சோ உம்பெர்தோ சாலையைப் பிடித்து நேராக நடந்து பாலம் தாண்டினால் அப்பல்லோ கோயிலின் இடிபாடு, அடுத்து கோர்சோ மத்தெயோத்தி, அதன் முடிவில் ஆர்க்கிமிடீஸ் பெயரில் ஒரு சதுக்கம். (ஆம், அவரேதான். இந்த ஊர்க்காரர்.) மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிட நடை. ஆர்க்கிமிடீஸ் சதுக்கத்திலிருந்து வியா லண்டோலினா தெருப் பக்கமாகப் போனால் முகப்புதான் முதலில் கண்ணில் படும். அதை விட்டுவிட்டு வியா ரோமாவில் இறங்கி, வலப்பக்கம் வியா மினெர்வாவில் திரும்புங்கள். இடது கைப்பக்கம் தேவாலயச் சுவரிலிருந்து பெரிய பெரிய கல்தூண்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

அவை கி.மு. 5ஆம் நூற்றாண்டின் டோரிக், அதாவது பழைய கிரேக்கப் பாணித் தூண்கள். கி.மு. 480இல் ஹிமேராவில் கார்த்தேஜ் படையைத் தோற்கடித்த சிராகூசாவின் ஆட்சியாளர் கெலோன், அந்த வெற்றிக்காகக் கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்கு எழுப்பிய கோயில் இது. முன்னும் பின்னும் 6, பக்கத்துக்கு 14 என்று சுற்றிலும் தூண்கள். அதன் தங்கமும் தந்தமும் பதித்த கதவுகளை ரோமானிய ஆளுநர் வெர்ரெஸ் சூறையாடியதை ரோமானியப் பேச்சாளர் சிசரோ குற்றப்பத்திரிகையாகவே எழுதி வைத்திருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள், கருவறையின் இரு பக்கச் சுவர்களிலும் வளைவுகளைக் குடைந்தார்கள், தேவாலயம் தயார். கிழக்கே இருந்த வாசல் மேற்கே போனது. 878இல் அரேபியர் ஊரைப் பிடித்தபின் அதுவே மசூதி, நார்மன்கள் வந்ததும் மறுபடி தேவாலயம். இவ்வளவையும் தெருவில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். சற்றே அண்ணாந்து பார்த்தால், பூகம்பத்தில் இடம் நகர்ந்த தூண் தலைகளும் தெரியும்.

உள்ளே போகச் சிறிய கட்டணம் உண்டு. யோசிக்காமல் கொடுங்கள். நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பினால் தெற்கு வரிசைத் தூண்களைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஒரு துப்பட்டா போதும். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால் ஞாயிறு காலையைத் தவிர்ப்பது நல்லது.

கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த புனித லூசியாவின் அடக்கம் ஓவியம் சதுக்கத்தின் தெற்கு முனையில் உள்ள சாந்தா லூச்சியா அல்லா பாதியா தேவாலயத்தில் இருப்பதாகப் பழைய குறிப்புகள் சொல்லும். நம்பிப் போகாதீர்கள். அது எந்தத் தேவாலயத்துக்காக வரையப்பட்டதோ, போர்காத்தா பகுதியில் உள்ள அந்தத் தேவாலயத்துக்கே திரும்பிவிட்டது. பாலம் தாண்டி வேறு திசையில் நடக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் பகலில் இங்கே வருவதற்குச் சும்மா இருக்கலாம். ஐரோப்பாவின் உச்ச வெப்பமான 48.8 டிகிரி பதிவானது 2021 ஆகஸ்டில், இதே சிராகூசாவுக்குப் பக்கத்தில். தரையும் வெள்ளைக் கல், சுவரும் வெள்ளைக் கல், மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் அடிக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பாதாம் கிரானீத்தா, அதாவது பொடி ஐஸாக உறைய வைத்த இனிப்பு! பக்கத்து ஊரான ஆவோலாவின் பாதாம், தண்ணீர், சர்க்கரை, அவ்வளவுதான். தலையில் கொண்டை வைத்த பிரியோஷ் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். காலை உணவே இதுதான், செலவும் குறைவு. மதியத்துக்கு அப்பல்லோ கோயிலை ஒட்டிய சந்தை. காலையில் மட்டும் நடக்கும், ஞாயிறு விடுமுறை. அங்கே நல்ல பாலாடைக்கட்டியும் வெயிலில் காய்ந்த தக்காளியும் வைத்து நீள ரொட்டி கட்டித் தருவார்கள், ஒன்று வாங்கினால் இருவர் பசியாறலாம். சைவக்காரர்கள் கவனிக்க: அரஞ்சீனோ என்கிற பொரித்த சோற்று உருண்டையில் 'அல் புர்ரோ' என்றால் வெண்ணெய்தானே என்று வாங்கிவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் பன்றி ஹாம் இருக்கும். கத்தரிக்காய் போட்ட 'அல்லா நோர்மா'தான் பாதுகாப்பு.

பட்ஜெட்டில் ஓட்டை போடுவது மீன். மெனுவில் 6 யூரோ என்று பார்த்ததும் வாய் ஊறும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருக்கும், அதாவது 100 கிராமுக்கு. 600 கிராம் மீன் தட்டில் வந்தால் 36 யூரோ. சமைக்கும் முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது ஒன்றும் அநாகரிகம் இல்லை. இதற்கு மேல் 'கோப்பெர்த்தோ' என்று மேசையில் உட்கார்ந்ததற்காகத் தலைக்கு இரண்டு மூன்று யூரோ தனியாகச் சேரும்.

பாலத்தருகே மூன்று சக்கர வண்டிகள் நிற்கும். நம்மூர் ஷேர் ஆட்டோவாக ஓடுகிற அதே பியாஜியோ ஆப்பேதான், பூப்போட்ட சீட்டுறையுடன். ஒரு தொகை சொல்வார்கள். அது வண்டிக்கா தலைக்கா, எத்தனை நிமிடத்துக்கு என்பதை ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் இறங்கும்போது அது தலைக்கு ஆகிவிடும்! தீவு முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம், முட்டிவலி இருந்தாலொழிய இது வீண் செலவு.

வாடகைக் கார் எடுத்தால் தீவுக்குள் கொண்டுபோகாதீர்கள். கேமரா வைத்த வாகனக் கட்டுப்பாட்டு வளையம் அது, மின்பலகையில் 'அத்தீவா' (தடை அமலில்) என்று எரிந்தால் நுழையவே கூடாது. அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக, அவர்களுடைய சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். தீவின் விளிம்பிலுள்ள தலேத்தே கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்பது மேல்.

காரே வேண்டாம் என்றால் கத்தானியா விமான நிலைய வாசலிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், கட்டணம் டாக்ஸிக்காரர் கேட்பதில் சின்னப் பங்குதான். சிராகூசாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்: ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் வண்டிகள் குறையும், அட்டவணையில் 'ஃபெரியாலே' (வேலை நாள்) என்று போட்டிருப்பவை அன்று ஓடவே ஓடாது. ஞாயிறு மாலை விமானம் என்றால் முதல் நாளே டிக்கெட்டை வாங்கி, ஒரு வண்டி முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.