சர்க்கரையும் உப்புக்காற்றும்: கடலோர நாட்குறிப்பு

மே 4

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத் தகரக் கூரை வீடுகளில் மத்தியான வெக்கைக்குச் சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் தாங்காது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு சரி, ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். ஒருமுறை உறைந்த மருந்து உருகினாலும் உதவாது. திறந்த குப்பி 25–30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக 4 வாரம் தாங்கும். திறந்த தேதியைக் குப்பி மேலேயே எழுதிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இரட்டைப் பானை. பெயின்ட் அடிக்காத பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்றுமணல். கடல்மணல் போட்டால் உப்பு பானையின் துளைகளை அடைத்துவிடும். காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே ஈரத்துணி போடுங்கள். குப்பி உள்ளே மூடிபோட்ட டப்பாவில் நனையாமல் இருக்கட்டும். நிழலில், காற்று படும் இடத்தில் வைத்தால்தான் பலன். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் நாளில் பானை நன்றாகக் குளிரும். காற்று நின்று புழுங்கினால் ஈரம் உலராது, பானையும் குளிராது. அதனால் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்க்காமல் பானையை நம்ப வேண்டாம்.

மே 11

நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா போன்ற ஊசியில் வரும் மருந்தில் 100. சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். பேனா மருந்தைச் சிவப்பு ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் ஊசி வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

மே 23

நுங்கு உரித்த கையோடு விரலைக் குத்தினால் சர்க்கரை பார்க்கும் மீட்டர் பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், கடலோர ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும்.

ஜூன் 2

சர்க்கரையால் மரத்துப்போன காலுக்குச் சுடுமணல் தெரியாது, சிப்பி கீறியதும் தெரியாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது, போடும் முன் உதறுங்கள். ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது. "கடல்தண்ணி பட்டா புண் ஆறிரும்" என்ற பேச்சு சர்க்கரைக்காரருக்குப் பொருந்தாது. வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி புண்ணை வேகமாக அழுகவைக்கும். சிவப்பு பரவினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜூன் 13

ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் நாளை நள்ளிரவோடு முடிகிறது. இரண்டு மாதம் உட்கார்ந்திருந்த உடம்புக்கு ஏற்றிய மருந்தளவோடு வலை இழுத்தால் சர்க்கரை சடாரென இறங்கும். கிளிமிபிரைடு மாத்திரைக்காரருக்கும் இதே கதைதான். படகேறும் முன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், ஆனால் கடலில் வேர்வையை யாரும் சந்தேகப்படுவதில்லை. கைநடுக்கம், தடுமாற்றம், காரணமில்லாத கோபம் சேர்ந்து வந்தால் சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சோதனைக்குக் காத்திராமல் குடித்துவிடுங்கள். வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரையும் கருப்பட்டியும் அவசரத்துக்கு உதவாது. குளுக்கோஸ் பவுடர் மட்டும்தான். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கரைக்குத் திரும்புங்கள்.

இன்சுலினை மீன் ஐஸில் புதைக்க வேண்டாம். துண்டில் சுற்றி, ஐஸ் தொடாத டப்பாவில் வையுங்கள்.