இன்காக்னிட்டோவில் டிராக்கிங் குக்கீ என்ன ஆகிறது?

குரோமின் பிரைவேட் விண்டோவான இன்காக்னிட்டோவைத் திறந்துவிட்டால், நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கீயே வராது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வரும். நீங்கள் போகும் தளத்தின் குக்கீ, சாதாரண விண்டோவில் எப்படி வருமோ அப்படியேதான் வரும். அதில் இரண்டே வித்தியாசம்தான்: ஏற்கெனவே சேர்ந்திருக்கும் குக்கீகள் உள்ளே வராது, புதிதாகச் சேர்பவை விண்டோவை மூடிய பிறகு மிஞ்சாது. இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால் பிரைவேட் விண்டோ எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

சாதாரணமாக குரோம் தன் குக்கீகளை உங்கள் ப்ரொஃபைல் ஃபோல்டரில் ஒரு எஸ்கியூலைட் (சிறு டேட்டாபேஸ்) ஃபைலாக எழுதி வைக்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். இன்காக்னிட்டோவில் இந்த ஃபைல் பக்கமே போகாமல், மெமரியில் காலியான ஒரு தனிப் பெட்டியைத் திறந்துகொள்கிறது. நீங்கள் போகும் தளம் 'செட்-குக்கீ' என்று அனுப்பினால் பிரவுசர் அதை வாங்கி அந்தப் பெட்டியில் போட்டு, அடுத்தடுத்த ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும். தளங்கள் பிரவுசரில் தகவல் சேமிக்கும் மற்ற இடங்களான லோக்கல் ஸ்டோரேஜ், இன்டெக்ஸ்டு டிபி, கேஷ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தளம் தன் குக்கீக்கு இரண்டு வருட ஆயுள் எழுதியிருந்தாலும், கடைசி இன்காக்னிட்டோ விண்டோ மூடியதும் அதுவும் போய்விடும்.

இதை நம்பவே வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப் குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ திறந்து, வருகையாளர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஓடும் ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போங்கள். எஃப்12 தட்டி, 'அப்ளிகேஷன்' டேபில் இடது பக்கம் 'குக்கீஸ்' என்பதை விரியுங்கள். பட்டியலில் 'ஜிஏ' என்ற இரண்டு எழுத்தும் முன்னால் ஒரு அண்டர்ஸ்கோரும் கொண்ட குக்கீ இருக்கும். அதன் மதிப்பில் புள்ளி வைத்துப் பிரித்த கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். முதலாவது குருட்டாம்போக்கில் உருவான எண். இரண்டாவது, அந்தத் தளம் உங்களை முதன்முதலில் பார்த்த நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளில். இரண்டும் சேர்ந்ததுதான் உங்களுக்கு வைத்த அடையாள எண். அதே தளத்தைச் சாதாரண விண்டோவில் திறந்து அதே குக்கீயைப் பாருங்கள். முன்பே போய்வந்த தளமாக இருந்தால் அங்கே கடைசி எண் சின்னதாக, அதாவது பழையதாக இருக்கும். இன்காக்னிட்டோவை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறந்தால் இரண்டு எண்ணும் புதிது. ஃபயர்ஃபாக்ஸில் பிரைவேட் விண்டோவுக்கு 'என்' இடத்தில் 'பி', குக்கீகள் இருப்பது 'ஸ்டோரேஜ்' டேபில்; ஆனால் அங்கே பிரைவேட் விண்டோ டிராக்கர்களைத் தடுப்பதால் இந்தக் குக்கீ வராமலும் போகலாம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது 'முழுதாக மூடி' என்ற இடத்தில்தான். குரோமில் எத்தனை இன்காக்னிட்டோ விண்டோ திறந்தாலும் அத்தனைக்கும் பெட்டி ஒன்றே. இரண்டாவது விண்டோ திறப்பதால் புதிய பெட்டி கிடைக்காது. ஒரு விண்டோவில் மெயிலுக்கு லாகின் செய்து, இன்னொன்றில் வேறெதையோ தேடினால், அந்த மெயில் நிறுவனத்துக்குச் சொந்தமான தளங்கள் அனைத்தும் உங்களை லாகின் செய்த ஆளாகவே பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் பிரைவேட் விண்டோக்கள் ஒரே செஷனைப் பகிர்கின்றன. சஃபாரி மட்டும் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே: பிரைவேட் டேப் ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து தனியாக வைக்கிறது.

போனில் நிலைமை இன்னும் மோசம். ஹோம் பட்டனை அழுத்திவிட்டு வேறு ஆப்புக்குப் போனால் இன்காக்னிட்டோ முடிந்துவிட்டது என்று தோன்றும். முடிந்திருக்காது. டேப் பின்னணியில் உயிரோடு இருக்கும்வரை பெட்டியும் உயிரோடு இருக்கும். நாள்கணக்கில் மூடாத பிரைவேட் டேபை வைத்துக்கொண்டிருந்தால், டிராக்கரின் கண்ணுக்கு நீங்கள் சாதாரண விண்டோவில் உலாவுகிறவரிலிருந்து பெரிதாக வேறுபட்டவர் அல்ல. ஆண்ட்ராய்டு குரோமில் எல்லா இன்காக்னிட்டோ டேபையும் மூடச் சொல்லி ஒரு நோட்டிஃபிகேஷன் நிற்கும். வேலை முடிந்ததும் அதைத் தட்டிவிடுங்கள்.

அடுத்தது மூன்றாம் தரப்புக் குக்கீ. நீங்கள் படிக்கும் தளம் ஒன்று, அதில் விளம்பரம் போடும் சர்வர் வேறொன்று. அந்த விளம்பர சர்வர் வைக்கும் குக்கீ, அதே விளம்பரம் ஓடும் அடுத்த தளத்திலும் திரும்பிப் போகும். தளம் விட்டுத் தளம் பின்தொடர்வது இதை வைத்துத்தான். குரோம் 2020-இல், 83-ஆம் பதிப்பிலிருந்து, இன்காக்னிட்டோவில் இதை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. சாதாரண விண்டோவில் இன்றும் தடுப்பதில்லை. அங்கேயும் ஒழித்துவிடுவதாகச் சொல்லிவந்த கூகுள் 2024-இல் பின்வாங்கியது. ஆகவே குரோம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் இன்காக்னிட்டோ உண்மையிலேயே பெரிய மாற்றம். சஃபாரியில் 2020 மார்ச் முதல் எல்லா விண்டோவிலும் தடைதான். ஃபயர்ஃபாக்ஸ் வேறு வழியில் போகிறது: மூன்றாம் தரப்புக் குக்கீயை அனுமதிக்கும், ஆனால் தளத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடும். ஒரு தளத்தில் வைத்த குக்கீ அடுத்த தளத்தில் தெரியாது. பிரைவேட் விண்டோவில் இது 2021-இல் வந்தது, மறுவருடம் எல்லா விண்டோவுக்கும் வந்தது. பிரைவேட் விண்டோவில் தெரிந்த டிராக்கர்களின் ஸ்கிரிப்டையே, அதாவது பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலையே, ஏற்றவிடாமல் தடுப்பதும் உண்டு. நடைமுறையில் அதுதான் அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து, ஏனென்றால் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் குக்கீக்கே வழியில்லை.

இந்தத் தடையால் சில நேரம் வேலை கெடும். பக்கத்துக்குள் பதித்த லாகின் பெட்டி சுற்றிக்கொண்டே இருக்கும், கமென்ட் பகுதி வராது. குரோமின் அட்ரஸ் பாரில் வலது ஓரம் தெரியும் கண் ஐகானைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். மொத்தமாகத் தடையை நீக்கிவிடாதீர்கள்.

தடைக்கு அகப்படாத ஒரு வகையும் உண்டு. நாம் மேலே பார்த்த அனலிட்டிக்ஸ் குக்கீ, அந்தச் செய்தித் தளத்தின் சொந்தப் பெயரிலேயே எழுதப்படுகிறது. பிரவுசருக்கு அது முதல் தரப்பு. சில நிறுவனங்கள் டிராக்கர் சர்வருக்குத் தளத்தின் துணை டொமைன் ஒன்றையே பெயராகக் கொடுத்து மறைப்பதும் இதற்காகத்தான். இவற்றுக்கு இன்காக்னிட்டோ தரும் ஒரே பதில், விண்டோ மூடும்போது அழிவது.

ஆனால் குக்கீயைத் துடைத்தும் பயனில்லாத இடம் ஒன்று இருக்கிறது, அது லிங்க். சமூக ஊடகத்திலிருந்து காப்பி செய்த லிங்கின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக எழுத்தும் எண்ணும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எஃப்பிசிஎல்ஐடி (ஃபேஸ்புக் சேர்ப்பது), ஜிசிஎல்ஐடி (கூகுள் விளம்பரம் சேர்ப்பது) என்று தொடங்குபவை அந்த ஒரு கிளிக்குக்கென்றே உருவானவை. நியூஸ்லெட்டர் மெயிலில் வரும் லிங்கில் பெரும்பாலும் சந்தாதாரருக்கென்று தனி எண் இருக்கும். அதைக் காப்பி செய்து இன்காக்னிட்டோவில் ஒட்டினால், காலிப் பெட்டியோடு போனாலும் கையில் பெயர்ச்சீட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைகிறீர்கள். ஒட்டியதும் என்டர் தட்டாமல் அந்தப் பகுதியை அழியுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் கண்மூடி வெட்டக்கூடாது. தேடல் சொல், வீடியோ எண் போன்றவையும் அங்கேதான் இருக்கும். சஃபாரி 2023-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து பிரைவேட் விண்டோவில் தெரிந்த டிராக்கிங் பகுதிகளைத் தானே நீக்குகிறது. மெயிலில் இருக்கும் லிங்க் பார்க்கச் சாதாரணமாக இருந்து, கிளிக் செய்ததும் வேறு சர்வர் வழியாகச் சுற்றிப் போவதானால் வெட்ட ஒன்றும் இருக்காது. அப்போது தளத்தின் முகவரியைத் தட்டி நேரே போய் அங்கே தேடிக்கொள்வதே நல்லது.

உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியும் மாறுவதில்லை. ஸ்கிரீன் அளவு, ஃபான்ட்கள், கிராஃபிக்ஸ் கார்டு வரையும் விதம் இவற்றைச் சேர்த்து ஆளைக் கணிக்கும் ஃபிங்கர்பிரின்டிங்கும் குரோமின் இரண்டு விண்டோவிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இன்காக்னிட்டோவிலும் கூகுள் தகவல் திரட்டியது என்று 2020-இல் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கு 2024-இல் சமரசத்துக்கு வந்தது. பழைய பதிவுகளை அழிப்பதோடு, இன்காக்னிட்டோவில் மூன்றாம் தரப்புத் தடையை 5 வருடம் இயல்பாக வைத்திருக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ முதல் பக்கத்தில் இருக்கும் அறிவிப்பைத் தெளிவாக மாற்றி எழுதியதும் இந்த வழக்கின்போதுதான். ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள்.

குக்கீ சம்மதப் பேனர் ஒவ்வொரு முறையும் ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் பதில் இதே பெட்டிதான். நீங்கள் 'நிராகரி' என்று சொன்ன பதிலும் பொதுவாகக் குக்கீயாகவோ லோக்கல் ஸ்டோரேஜிலோதான் சேமிக்கப்படும், விண்டோவோடு அதுவும் அழியும். சலிப்பில் 'ஏற்கிறேன்' அழுத்திவிடுவது சுலபம். அடிக்கடி போகும் தளம் என்றால் அதற்கு இன்காக்னிட்டோவை விட குரோமில் தனி ப்ரொஃபைல், அல்லது ஃபயர்ஃபாக்ஸில் கன்டெய்னர் (குக்கீகளைத் தனியாகப் பிரித்து வைக்கும் டேப்) பொருத்தம். உங்கள் நிராகரிப்பு நினைவில் இருக்கும், மற்ற உலாவலோடும் கலக்காது.

இன்னொன்று, எக்ஸ்டென்ஷன்கள். நீங்கள் போட்டிருக்கும் விளம்பரத் தடுப்பான் இன்காக்னிட்டோவில் இயல்பாக ஓடாது. குரோமில் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் அதன் 'டீடெய்ல்ஸ்' போய் இன்காக்னிட்டோவில் அனுமதிக்கும் சுவிட்சைப் போட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் அந்த ஆட்-ஆனின் பக்கத்தில் பிரைவேட் விண்டோவில் ஓட அனுமதி என்ற தேர்வு இருக்கிறது. தடுப்பானுக்கு மட்டும் கொடுங்கள். கூப்பன் தேடித் தருவது, விலை ஒப்பிடுவது போன்றவை நீங்கள் திறக்கும் பக்கங்களையே படிக்கக்கூடியவை; அவற்றுக்கும் அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டால் பெட்டி காலியாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை.