கதவு எண் இல்லாமல் கல்லூரியில் சேர்ந்தது

பி.காம். முடித்து 2025-இல் வெளியே வந்தேன். இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் சேரும்போது எங்கள் வீடு சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு தெருவோரப் பிளாட்பாரம். அம்மா பிறந்ததும் அதே பிளாட்பாரத்தில்தான். அங்கே இன்னும் இருக்கும் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் என்னிடம் வந்து, "அக்கா, முதல்ல எந்தப் பேப்பர் வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கல்லூரிக் கட்டணம் எங்களைத் தடுக்கவில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. நான் சேர்ந்த 2022-இல் இணைய விண்ணப்பத்துக்கு ஆன செலவு பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 ரூபாய். அது அம்மாவின் இடுப்புப் பையிலேயே இருந்தது. விண்ணப்பத்தில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் என்று வரிசையாகக் கட்டங்கள் வருமே, அங்கேதான் நின்றுபோனேன். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

தெருவிளக்கில் படித்தாயா என்று நிறைய பேர் கேட்பார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் படம் பிடிக்கும். தெருவிளக்கின் கீழ் ஈசலும் கொசுவும்தான் இருக்கும், குடித்துவிட்டு வருபவர்களும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். நான் படித்ததெல்லாம் பள்ளி விட்ட பிறகு வாட்ச்மேன் தாத்தா கேட்டைப் பூட்டும் வரை கிடைத்த நேரத்தில்.

காசு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்கு வருமானமே இல்லை என்று வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. அம்மா விடியற்காலையில் பத்ரியன் தெருவில் பூ வாங்கி, கட்டி, முழம் போட்டு விற்பார். ஒரு சின்ன அறைக்கு மாத வாடகை கொடுக்கிற அளவுக்கு வருமானம் எப்போதுமே வந்தது. எங்களால் முடியாதது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இன்னும் சகஜம். வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்துவிட்டது. அதை எந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வது?

மொத்தமாக நாற்பதாயிரம் புரட்ட வேண்டுமென்றால் எங்களுக்குத் தெரிந்த வழி தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழையில் பூ விற்காத நாளிலும் தண்டல்காரர் வருவார். பிளாட்பாரத்தில் இருப்பதற்கும் செலவு உண்டு. கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு. பொருள் வைக்க இடமில்லாததால் அரிசி, எண்ணெய் எல்லாம் அன்றன்றைக்குச் சில்லறையாக, கூடுதல் விலைக்குத்தான் வாங்க முடியும். வீடு இருக்கிறவர்களைவிட நாங்கள் சாப்பாட்டுக்கு அதிகம் செலவழித்தோம் என்பது, பின்னால் கணக்குப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன்.

என் ஆதார் பள்ளி மூலமாகவே கிடைத்தது. ஆதார் ஆணையத்தின் படிவத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் மாணவர்களுக்கு முகவரிச் சான்றாக ஏற்பார்கள். எங்கள் தலைமை ஆசிரியை நாங்கள் தூங்கும் கடையின் கதவு எண்ணை எழுதி, பக்கத்தில் "எதிரில்" என்று சேர்த்தார். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டு டீக்கடை அண்ணனிடம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த "எதிரில்" என்ற ஒரு சொல் பிறகு என்னைப் படுத்திய பாடு! வங்கியில் ஒரு அதிகாரி, "எதிரில்னா எங்கம்மா? ரோட்லயா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவருக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அம்மாவிடம் ஒரு காகிதமும் இல்லை. பழைய வாக்காளர் அட்டை 2015 வெள்ளத்தில் போயிற்று, பட்டியலிலும் பேர் இல்லை. 2020 கடைசியில், சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு பட்டியல் திருத்தம் நடந்தபோது ஒரு தொண்டு நிறுவனத்து அண்ணன் பேர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தார். வீடில்லாதவர்களிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் விதியே இருக்கிறது. அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, அந்த ஆள் நிஜமாகவே அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது.

எங்கள் பகுதிக்கு அந்த வேலை ஓர் அங்கன்வாடி அக்காவுக்கு. அவர் முதலில் வந்த ராத்திரி நாங்கள் அங்கே இல்லை. நல்ல மழை. எதிர்ப்பக்கத்து வளாகத்தின் போர்ட்டிகோவுக்கு மூட்டைகளோடு போயிருந்தோம். விடிந்ததும் டீக்கடை அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். "இங்க வசிக்கல" என்று எழுதிவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்த அக்காவின் அங்கன்வாடி எங்கே என்று விசாரித்து, நானே போய், மழை வந்தால் எந்தப் பக்கம் போவோம் என்பதைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். மறுபடி பதினொரு மணிக்கு மேல் கணவரை வண்டி ஓட்டச் சொல்லி, டார்ச்சோடு வந்தார். அம்மா எழுந்து, "வாம்மா, வீடு தொறந்துதான் இருக்கு" என்றார். அதற்கடுத்த வாரம் இன்னொரு ராத்திரியும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அட்டை வந்தது. எங்கள் குடும்பத்தின் மற்ற எல்லாக் காகிதங்களும் அந்த அட்டையிலிருந்து கிளைத்தவைதான். அதனால், கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பிளஸ் டூ வரை காத்திருக்காதே, பத்தாவதிலேயே அம்மாவுக்கு வாக்காளர் அட்டை எடுத்துவிடு.

சாதிச் சான்றிதழ் பள்ளியிலேயே ஒரு டீச்சர் முயற்சியில் கிடைத்துவிட்டது. வருமானச் சான்றிதழ்தான் இழுத்தது. இ-சேவையில் 60 ரூபாய் கட்டினால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகும். எங்களுடையது "குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை" என்று திரும்பி வந்தது. விசாரிக்க வந்தவர் மத்தியானம் வந்திருக்கிறார். மத்தியானத்தில் பிளாட்பாரத்தில் யார் இருப்பார்கள்? அம்மா கோயில் வாசலில், நான் பள்ளியில், மூட்டைகள் ஒரு கடையின் மாடிப்படிக்குக் கீழே. தேர்தல் ஆணையத்துக்குப் புரிந்தது இவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குக் கோபம். மறுபடி விண்ணப்பித்தபோது வாக்காளர் அட்டையோடு கவுன்சிலரின் கடிதத்தையும் வைத்தோம். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகுதான் சென்னைக்கு நெடுநாள் கழித்துக் கவுன்சிலர்கள் வந்திருந்தார்கள். ஒரு வருஷம் முன்னால் என்றால் அந்தக் கடிதத்துக்கும் ஆள் இல்லை. ரேஷன் அட்டை கேட்டார்கள். இல்லை என்றோம். ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்தால் தனியாகச் சமைக்கிறார்களா என்று வந்து பார்ப்பது வழக்கம். "அடுப்பு இருக்குதுங்க, அறைதான் இல்ல" என்று அம்மா சொன்னது அந்த ஆபீசில் எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது.

செல்போன் எண் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எல்லா இணையதளமும் ஓ.டி.பி. கேட்கும். பிளாட்பாரத்தில் தூங்கும்போது முதலில் திருடு போவது போன்தான். அதற்காக வேறொருவர் எண்ணைக் கொடுக்காதீர்கள். எங்கள் வரிசையில் ஒரு பெண் சித்தப்பா எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ஊரைவிட்டுப் போனதும் மாதக்கணக்கில் அலைந்தாள். சொந்தப் பேரில் சிம் இருந்தால் போன் தொலைந்தாலும் அதே எண்ணைத் திரும்ப வாங்கலாம்.

வங்கிக் கணக்கு கடைசியில் வேறொரு கிளையில் கிடைத்தது. அம்மாவுக்கும் தொடங்கலாம் என்று அங்கேதான் சொன்னார்கள். சரியான ஆவணம் இல்லாதவர்கள் போட்டோவும் கையெழுத்தும் கொடுத்து "சிறு கணக்கு" தொடங்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. அந்தப் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

நான் சேர்ந்த ஆண்டில்தான், 2022 செப்டம்பர் 5-இல், புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். தொடக்க விழா நடந்த பாரதி மகளிர் கல்லூரி எங்கள் பிளாட்பாரத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் என் கணக்குக்குப் பணம் வரவில்லை. வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்துசேர ஆதாரை அந்தக் கணக்கோடு "சீடிங்" செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்து, கொடுத்து, அடுத்த ஆண்டுதான் பணம் வரத் தொடங்கியது.

எங்கள் சாதி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியில் இடம் கிடைத்தது. தங்குவதும் சாப்பாடும் இலவசம். கதவைத் தாழ்போட்டுத் தூங்குவது பழகவே கொஞ்ச நாள் ஆயிற்று. ஆனால் லீவில் விடுதியை மூடிவிடுவார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிற தோழிகளோடு பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து பிளாட்பாரத்துக்குத் திரும்புவேன்.

தம்பிக்கு அதே துறையின் மாணவர் விடுதி கிடைக்கவில்லை. பாலிடெக்னிக்கில் இடம் வாங்கிய பிறகு விண்ணப்பித்தோம். வீட்டிலிருந்து கல்வி நிலையம் குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி. மாணவியருக்கு இது பொருந்தாது, மாணவர்களுக்குப் பொருந்தும். தேர்தல் அட்டையில் இருக்கும் பிளாட்பாரத்திலிருந்து அளந்து, அவனுக்கு வீடு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் வாடகைக்கு ஓர் அறை பிடிப்பது என்று அம்மா முடிவெடுத்தார். அதுவரை என் கணக்கில் வந்த ஆயிரங்களை அவர் தொடவே விட்டதில்லை. புத்தகத்துக்குக்கூடப் பூ விற்ற காசைத்தான் தருவார். தோழி ஒருத்தி, "அது படிக்கக் கொடுத்த பணம், வீட்டு அட்வான்ஸுக்கா எடுப்பாங்க?" என்று கேட்டாள். தம்பி இரண்டாவது செமஸ்டரை நனையாத நோட்டோடு எழுத வேண்டுமானால் அதற்கு முதல் செலவு கூரைதான். இதில் எனக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை.

வீடு தேடும்போது நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் பற்றியும் பேச்சு வந்தது. பெரியம்மா குடும்பத்துக்கு அங்கே அரசின் குடிசை மாற்று வாரிய வீடு கிடைத்திருந்தது. நல்ல வீடுதான். ஆனால் பூ மார்க்கெட் இங்கே. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்றாலும், விடியற்காலை மார்க்கெட்டுக்கு அங்கிருந்து வந்துசேர முடியாது. பெரியம்மா வாரத்தில் பாதி நாள் பழைய பிளாட்பாரத்திலேயே தூங்கிவிட்டுத்தான் போகிறார். அவர் மகள் படிப்பை நிறுத்தியது அந்த இடமாற்றத்தில்தான், நடு வருஷத்தில்.

கொருக்குப்பேட்டையில் ஓர் அறை பார்த்தோம். வாடகை 4,500, அட்வான்ஸ் நாற்பதாயிரம் கேட்டார்கள். "இப்ப எங்க இருக்கீங்க?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டதும் நான் முழித்தேன். அம்மா தயங்காமல், "பாரிஸ்ல" என்றார். பாரிமுனையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தெரு, கதவு எண் எதையும் அவர் கேட்கவில்லை. பேசிப் பேசி இருபத்தைந்தாயிரத்துக்கு இறங்கினார். என் கணக்கில் இருந்ததும் அம்மாவின் சிறு கணக்கில் இருந்ததும் சேர்ந்து போதுமானதாக இருந்தது. தண்டல் வாங்கவில்லை.

தம்பி பாலிடெக்னிக் முடித்ததும் நேரடி இரண்டாம் ஆண்டில் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்கிறான். முதல் பட்டதாரி சலுகை அவனுக்குக் கிடையாது. குடும்பத்தில் நான் பட்டம் வாங்கிவிட்டேனே! ஆகவே கல்விக் கடன்தான். 4 லட்சம் வரை பிணை கேட்க மாட்டார்கள், ஆனால் முகவரிச் சான்று கேட்பார்கள். ஆதாரில் இன்னும் "எதிரில்" என்றுதான் இருக்கிறது. என் முகவரியை மாற்றிவிட்டால், குடும்பத் தலைவர் என்ற முறையில் என் ஆதாரை வைத்து மற்ற இருவருக்கும் இணையத்திலேயே மாற்றலாம், ஆளுக்கு 75 ரூபாய். எனக்கு மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்கார அம்மா எழுதிக் கொடுக்கத் தயங்குகிறார், வரி வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாத வாடகையை நானே கொண்டுபோய்க் கொடுத்து, ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் அவருக்கு வரிக் கணக்கைப் புரியவைக்கலாம் என்று இருக்கிறேன்.