போர் ஓய்ந்த கையோடு எடுத்த படங்கள், தெளிவான பிரதியில்

இத்தாலிய இயக்குநர் ரோபர்ட்டோ ரோசெல்லினியின் போர்க்காலப் படங்கள் மூன்றையும், அதாவது 1945-இல் வந்த ‘ரோம், திறந்த நகரம்’, 1946-இல் வந்த ‘பைசான்’, 1948-இல் வந்த ‘ஜெர்மனி, ஆண்டு பூஜ்யம்’ ஆகியவற்றை, அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ஒரே பெட்டித் தொகுப்பாக 2010-இல் டிவிடியிலும் 2017-இல் ப்ளூ-ரேயிலும் வெளியிட்டது. இவற்றுள் முதல் படம், 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குச் சென்றபோது நம் நாட்டுத் திரையில் காட்டப்பட்டது. ஆனால் மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இவற்றைத் திரையரங்கில் காணும் வழி ஒருபோதும் இருந்ததில்லை. எங்களுக்கு வட்டுதான் திரையரங்கு. ஆகவே அந்த வட்டில் இருக்கும் பிரதி எப்படிப்பட்டது என்பது எங்களுக்குச் சிறிய விஷயம் அல்ல.

இதை எழுதத் தூண்டியது ஒரு கருத்து. இத்தாலியின் நியோ ரியலிசப் படங்கள், அதாவது போரை ஒட்டிய காலத்தில் சாதாரண மக்களின் வாழ்வை உள்ளபடி காட்ட முயன்ற படங்கள், கீறலும் புள்ளியும் மங்கலுமாக இருப்பதே அவற்றுக்கு அழகு என்றும், அவற்றைச் சுத்தம் செய்து பளிச்சென்று காட்டுவது அவற்றின் உண்மையைக் கெடுத்துவிடும் என்றும் சினிமாவை ஆழ்ந்து நேசிக்கும் நண்பர்கள்கூடச் சொல்கிறார்கள். புதிய பிரதிகளைப் பொறுமையாகப் பார்த்த பிறகு இக்கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். வறுமை அந்த மக்களின் வாழ்வில் இருந்தது; படச்சட்டத்தின் மங்கலில் இருக்கவில்லை. மங்கல் விலகும்போதுதான் அந்த வாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது.

‘ரோம், திறந்த நகரம்’ குறித்து நெடுங்காலம் உலவிய ஒரு கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1944 ஜூன் 4 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தன. அடுத்த ஜனவரியில், இத்தாலியின் வடபகுதியில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, படப்பிடிப்பு தொடங்கியது. புகழ்பெற்ற சினெசித்தா படப்பிடிப்பு வளாகம் வீடிழந்தவர்களுக்கான அகதி முகாமாக மாறியிருந்தது. மின்சாரம் நம்பத் தகுந்ததாக இல்லை. வசனங்களைப் பின்னர் டப்பிங் செய்துகொள்ளலாம் என்று ஒலியில்லாமலே படம்பிடித்தார்கள். இத்தகைய நெருக்கடியில், தெருப் புகைப்படக்காரர்களிடமும் இன்ன பிறரிடமும் கிடைத்த துண்டு துண்டான ஃபிலிம்களை ஒட்டியே படம் உருவானது என்றும், அதனால்தான் காட்சிக்குக் காட்சி வெளிச்சம் மாறுகிறது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 1995-இல் ரோமின் தேசியத் திரைப்படக் காப்பகம் மூல நெகட்டிவை எடுத்துச் சீரமைத்தபோது அதில் மூன்றே வகை ஃபிலிம்கள் இருப்பது தெரியவந்தது. வெளிப்புறக் காட்சிகளுக்கு ஃபெரானியா, உட்புறக் காட்சிகளுக்கு ஒளியுணர்திறன் மிகுந்த அக்ஃபாவின் இரு வகைகள் என்று, எதற்கு எது தேவை என்பதை அறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் ஆய்வகத்தில் ஃபிலிமைக் கழுவியதில் நேர்ந்த குறைகள் என்று இன்று கருதுகிறார்கள்.

இந்தச் செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஏதோ எடுத்தார்கள் என்று பரிவோடு சொல்லும்போது, அறியாமலே அவர்களுடைய தொழில்திறனைக் குறைத்துவிடுகிறோம். பொலோஞ்ஞாவில் உள்ள ஆய்வகத்தில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட புதுப்பிப்பைப் பார்க்கும் எவருக்கும் ஒளிப்பதிவாளர் உபால்டோ அராட்டா எவ்வளவு தேர்ந்தவர் என்பது விளங்கும். அன்னா மாக்னானி நடித்த பீனா, கணவனாகப் போகிறவனை ஜெர்மானியர்கள் ஏற்றிச்செல்லும் லாரியின் பின்னால் ஓடிச் சுடப்பட்டு விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியில் ஒரு கறுப்பு உருவம் விழுவது மட்டுமே தெரியும். இப்போது அவளுடைய காலுறை, சாலையின் கற்கள், சுவரோரம் நிறுத்தப்பட்ட பெண்களின் முகங்கள் எல்லாம் தெரிகின்றன. அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் தெரேசா குல்லாச்சே என்ற உண்மையான பெண் இருக்கிறாள். 1944 மார்ச்சில் ரோமில், பிடித்து வைக்கப்பட்ட தன் கணவனைக் காணச் சென்றபோது ஒரு ஜெர்மானியச் சிப்பாய் அவளைச் சுட்டுக்கொன்றான். பத்தே மாதங்கள் கழித்து அதே ஊரில் படம்பிடிக்கத் தொடங்கினார்கள். தெருவில் நின்ற முகங்களுக்கு அது பழங்கதையாகியிருக்காது. அந்த முகங்களைத் தெளிவாகப் பார்க்கும் உரிமை பார்வையாளனுக்கு உண்டு.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலக் குறி உண்டு. அமெரிக்க வட்டு ஏ மண்டலம், ஐரோப்பிய வட்டு பி மண்டலம், நம் நாடு சி மண்டலம். ஆகவே நம் கடைகளில் வாங்கும் சாதாரண ப்ளேயரில் மண்டலம் பூட்டப்பட்ட அமெரிக்க வட்டு ஓடாது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் ப்ளேயர் வேண்டும். டிவிடியே போதும் என்பவர்கள், ஐரோப்பிய முறையில் பதிவான டிவிடிகள் நொடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் பதிலாக 25 ஓட்டுவதால், நூறு நிமிடப் படம் 96 நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதையும் குரல்கள் சற்று உயர்ந்து ஒலிக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தொலைக்காட்சியின் அமைப்பு. இவை ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்ட படங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும். திரை முழுவதும் நிறையட்டும் என்று இழுத்துவிட்டால் மனிதர்கள் குள்ளமாகிவிடுவார்கள். ‘பைசான்’ படத்தின் கடைசிப் பகுதி அடியோடு அழிந்துவிடும்.

‘பைசான்’ ஆறு தனித்தனிக் கதைகளாக, 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியதிலிருந்து 1944-ஆம் ஆண்டின் குளிர்காலம் வரை, தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து செல்கிறது. மூன்று படங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுவே. இத்தாலியர்கள், அமெரிக்கர்கள், ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள் எல்லாரும் அவரவர் மொழியில் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதில்லை. அந்தப் புரியாமையிலேயே பாதிக் கதை நடக்கிறது. நேப்பிள்ஸ் பகுதியில் குடிபோதையில் இருக்கும் கறுப்பின அமெரிக்க இராணுவக் காவலர் தன் ஊரைப் பற்றித் தனக்குத்தானே பிதற்றுகிறார். அருகில் இருக்கும் அநாதைச் சிறுவனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தூங்கினால் உன் காலணியைத் திருடிவிடுவேன் என்று சிறுவன் நேர்மையாக எச்சரிக்கிறான். அது அவருக்கு விளங்கவில்லை. பின்னொரு நாள் அவனைப் பிடித்து, வீட்டைக் காட்டு என்று அதட்டிச் செல்பவர், போரில் வீடிழந்த குடும்பங்கள் குகைக்குள் நெருக்கியடித்துக் கிடப்பதைக் காண்கிறார். பெற்றோர் எங்கே என்று கேட்டதற்குக் குண்டு விழுந்த ஓசையைத்தான் சிறுவனால் சொல்ல முடிகிறது. காலணியை அங்கேயே விட்டுவிட்டு அவர் திரும்பிப் போய்விடுகிறார்.

1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்து, மண்டபம் முகாமில் பிறந்த குழந்தைகளையும் பேரக் குழந்தைகளையும் வளர்த்த குடும்பங்கள் எங்கள் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. முகாமில் வளர்ந்த என் தோழி ஒருத்தி இந்தக் காட்சியை என்னுடன் பார்த்தாள். அந்தக் காவலர் ஏன் எதுவும் கொடுக்காமல் போகிறார் என்று நான்தான் கேட்டேன். “பார்த்துட்டாரே, அதுவே பெருசு. எங்க இடத்துக்கு வந்தவங்க நிறையப் பேரு உள்ளயே வரல” என்றாள். ரோசெல்லினியைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்தக் காட்சியை எனக்கு இவ்வளவு திறந்து காட்டியதில்லை.

கடைசிப் பகுதி வட இத்தாலியின் போ நதிக் கழிமுகத்தில் நடக்கிறது. ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேரும் நாணல் காடு. அதற்குள் தட்டையான படகுகளில், ஜெர்மானியப் படையின் பின்னால் அகப்பட்டுக்கொண்ட இத்தாலியப் போராளிகளும் சில அமெரிக்கர்களும் ஒளிந்து திரிகிறார்கள். தனித்த வீடொன்றில் வாழும் மீனவக் குடும்பம் அவர்களுக்கு ஒரு கூடை விலாங்கு மீன் கொடுத்தனுப்புகிறது. அதற்காக அந்தக் குடும்பமே கொல்லப்படுகிறது. பிணங்களுக்கிடையே ஒரு குழந்தை மட்டும் அழுதுகொண்டு நடக்கிறது. இப்பகுதியைப் பற்றிப் பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் ஆந்திரே பாசான் எழுதியது புகழ்பெற்றது: அடிவானம் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்க, நீரும் வானமும் சம அளவில் சட்டத்தை நிறைப்பது, அவ்விரண்டுக்கும் நடுவே வாழும் மனிதர்களின் அகவுணர்வுக்கு ஈடானது என்றார் அவர். சட்டத்தை இழுத்துப் பார்க்கக் கூடாது என்று மேலே வற்புறுத்தியது இதனால்தான்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில், விசைப்படகுக்குப் போகும் என் மாமா பகலில் வீட்டில் இருப்பார். இளமையில் நாட்டுப்படகில் தொழில் கற்றவர். இந்தப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டி, சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சிறிது நேரத்தில், நான் சொல்வதை நிறுத்தச் சொன்னார். “கோலு எம்புட்டு எறங்குதுன்னு பாரு. இடுப்பளவு தண்ணிதான். இதுல விழுந்தாலும் நின்டுக்கலாம், ஆனா சேறு விடாது” என்றார். கழி ஊன்றிப் படகு தள்ளுபவர்களின் தோளசைவிலிருந்தே அடித்தரை எப்படிப்பட்டது என்று அவரால் கணிக்க முடிந்தது. பழைய மங்கல் பிரதியில் அந்தக் கழி நீருக்குள் இறங்குவதே தெரியாது. படத்தில் மீனவர்களாகத் தோன்றுபவர்கள் உண்மையிலேயே அந்தத் தொழில் செய்பவர்கள்தாம் என்று எவரும் சொல்லாமலே அவர் கண்டுகொண்டார்.

அப்பகுதியின் தொடக்கத்தில், கொல்லப்பட்ட போராளி ஒருவரின் உடல், மிதவையில் கட்டப்பட்டு, போராளி என்று எழுதிய பலகையோடு ஆற்றில் மிதந்து வருகிறது. கரையில் ஜெர்மானியர்கள் காவல் நிற்கும்போதே, தோழர்கள் உயிரைப் பணயம் வைத்துப் படகைச் செலுத்தி அந்த உடலை எடுத்துச் சென்று அடக்கம் செய்கிறார்கள். இதைப் பார்த்து, இறந்தவனுக்காக இருப்பவர்கள் சாகத் துணிவது போர் உத்தியாகப் பிழை என்று எழுதியவர்கள் உண்டு. மாமாவுக்கு அதில் ஐயமே எழவில்லை. கடலில் ஓர் உடலைக் கண்டால், அது யாருடையதாக இருந்தாலும், எந்தக் கரையைச் சேர்ந்ததாக இருந்தாலும், விட்டுவிட்டு வரக்கூடாது என்பது பாக் விரிகுடாவில் தொழில் செய்யும் எங்கள் ஆட்களிடம் எழுதாத விதி. இந்தக் கடல் பல ஆண்டுகள் அத்தகைய உடல்களைக் கண்டிருக்கிறது. அவர் சொன்னது, “எடுக்காம எப்படி மாப்ள” என்பது மட்டுமே.

மூன்றாவது படத்தைப் பற்றி எனக்குக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. இந்தியா விடுதலை பெற்ற அதே 1947 ஆகஸ்டில், இடிந்து கிடந்த பெர்லினில் படப்பிடிப்பு தொடங்கியது. உட்காட்சிகளை ரோமில் எடுத்தார்கள். முந்தைய ஆண்டு இறந்துபோன தன் மகன் ரோமானோவின் நினைவுக்கு ரோசெல்லினி இதைக் காணிக்கையாக்கினார். இடிபாடுகளுக்கிடையே ஹிட்லரின் உரையை ஒரு சிறுவன் கிராமஃபோன் தட்டில் ஒலிக்கவிடும் காட்சிக்காக மட்டுமேனும் இதை நல்ல ஒலிப்பதிவில் கேட்க வேண்டும். அந்தக் குரல் வெற்றுச் சுவர்களில் மோதிப் பரவுவதைக் கேட்கும்போது உடல் நடுங்குகிறது. ஆயினும் ஒரே சிறுவனை மட்டுமே பின்தொடரும் இப்படம், ‘பைசான்’ போல ஒரு நாட்டையே என் முன் நிறுத்தவில்லை.

தொகுப்பின் கூடுதல் இணைப்புகளில் 1963-இல் ரோசெல்லினியே பதிவு செய்த முன்னுரைகள் மூன்று படங்களுக்கும் உள்ளன. அவற்றைப் படத்துக்குப் பின்னர் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். முதல் படத்துக்கு அறிஞர் பீட்டர் பொண்டனெல்லாவின் விளக்கவுரை இருக்கிறது. மேலே சொன்ன வரலாற்றுப் பின்னணியில் ஆர்வமுள்ளவர்கள் நேரம் ஒதுக்கிக் கேட்கலாம்.

இல்லாதது தமிழ் சப்டைட்டில். எங்கள் தெருவில் காட்டுவதற்காக ‘பைசான்’ படத்துக்கு நானே அதைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலம் அறிந்த பார்வையாளனுக்கு இத்தாலிய வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் போட்டால் போதும். அமெரிக்கச் சிப்பாயின் பேச்சு அவனுக்கு நேரடியாகவே புரியும். எங்கள் தெருவில் பலருக்கு இரண்டுமே வேற்றுமொழி. இரண்டையும் தமிழாக்கிவிட்டால், திரையில் இருப்பவர்களுக்குப் புரியாத எல்லாம் எங்களுக்குப் புரிந்துவிடும். அந்தச் சிறுவனும் சிப்பாயும் ஒருவரை ஒருவர் தவறவிடுவது வெறும் தகவலாகிவிடும். இப்போதைக்கு நான் எடுத்திருக்கும் முடிவு, இத்தாலியருக்கு வெள்ளை எழுத்தும் அமெரிக்கருக்கு மஞ்சள் எழுத்தும் தருவது, ஜெர்மானியரின் பேச்சைத் தமிழாக்காமலே விடுவது. சிசிலிப் பகுதி முடிந்துவிட்டது. நேப்பிள்ஸ் பகுதியை முகாமில் வளர்ந்த என் தோழியுடன் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.